கொல்லிமலையில் எழுந்து நின்ற பிடில்

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. நாமக்கல்.

பஸ் புறப்படுவதற்கு முன்பே எனக்கும் கண்டக்டருக்கும் தகராறு வந்துவிட்டது. பிடில் பெட்டியைக் கூரைமேல் போட்டாக வேண்டும் என்றார். போட மாட்டேன் என்றேன். "அப்படி என்னங்க இருக்குது உள்ள, கொழந்தையா?" என்று கேட்டார். ஆமாம், மடியில் வைத்துக்கொள்கிறேன், டிக்கெட் கிடையாதே என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்ததால் அவரும் சிரித்துவிட்டார். சேந்தமங்கலத்துக்கு ஏழு மைல், கட்டணம் இரண்டணா. அந்த ஏழு மைலும் பெட்டி என் மடியில்தான் இருந்தது. என் முழங்கால்கள் ஓட்டைச் சாலையின் ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டு வந்தன.

பினாங்கு நேயர்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். நம் நாடகக் கொட்டகையில் மேடைக்கு இடதுபக்கம், ஆர்மோனியத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பிடில் வாசிப்பவன் நான்தான். பாட்டுகளை எழுதுகிறவனும் நான்தான். பதினோரு வருஷத்துக்கு முன் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாகக் கப்பலேறினேன். ஆறு வருஷம் பால் நிறுக்கும் கொட்டடியில் பேரேடு எழுதினேன். அதற்குப் பிறகுதான் கொட்டகை கிடைத்தது. அந்தக் கொட்டகை இப்போது என் கையைவிட்டு நழுவும் நிலையில் இருந்தது. அதனால்தான் இந்தப் பயணம்.

விஷயம் இதுதான். நான் எழுதிய புது நாடகத்தின் கடைசிக் காட்சி ஒரு மலையில் நடக்கிறது. ஒத்திகை போல நாலு நாள் போட்டுப் பார்த்தோம். நாலு நாளும் அந்தக் காட்சி வந்ததும் ஜனங்கள் எழுந்து ரிக்ஷா பிடிக்கப் போய்விட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் மலை திரைச்சீலையில் இருக்கிறது, பாட்டில் இல்லையே. ஊருக்குத்தான் போகிறாயே, ஒரு மலையைப் பார்த்துவிட்டு வா. திரும்பி வரும்போது ஜனங்களை நாற்காலியில் உட்காரவைக்கும் பாட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன். உனக்குத்தான் கிராணி வேலை தெரியுமே" என்றார். கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று தைத்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிறந்த ஊரில் எந்த வாசலில் நின்று கிழக்கே பார்த்தாலும் தெரிவது கொல்லிமலைதான். பத்தொன்பது வயது வரை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியிருக்கிறேன். ஒருநாள்கூட ஏறியதில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மலைக்காய்ச்சல் என்றால் அவ்வளவு பயம். கடல் தாண்டிப் போய் மலையைப் பற்றி நாடகம் எழுதியவன், ஆறு மைல் தாண்டி மலையில் கால் வைக்கவில்லை.

காலை பதினோரு மணி. காரவள்ளி.

மலையின் காலடியிலேயே இருக்கிறது இந்த ஊர். சேந்தமங்கலத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தேன். என் தாய்மாமன் மகன் செல்லப்பனுக்கு இங்கே ஐந்து ஏக்கர் தோட்டம். என்னைவிட நாலு வயது மூத்தவர், எனக்கு மச்சான் முறை. கிணற்று மேட்டில் நின்றபடியே பெட்டியைப் பார்த்தார்.

"இன்னும் இதைய உடலையா மாப்ளே?"

"விடுகிறதா? இதுதான் மச்சான் எனக்குச் சோறு போடுகிறது."

"சோறு போடுது செரி. நின்னுக்கிட்டு வாசிக்கறயாமா? சேலத்துல சொல்லிச் சிரிச்சாங்களாமே."

நான் வருவதற்குள் அந்தச் செய்தி வந்துவிட்டது. சேலத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். பினாங்கு வழக்கத்தில் எழுந்து நின்று பிடிலைத் தோளில் வைத்தேன். இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பினாங்கு ஓட்டல் ஒன்றில் வாசிக்கும், பிலிப்பைன் தீவிலிருந்து வந்த மணிலாக்காரர். தாடைக்கடியில் கொடுத்து வாசிக்கலாம், வாய்விட்டுப் பாட வேண்டுமானால் மார்பில் சாய்த்துக்கொள்ளலாம். நடக்கலாம், திரும்பலாம், நடிகைக்குப் பின்னாலேயே மேடை முழுவதும் போகலாம். சேலத்துப் பெரிய மனிதர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லை. "உட்கார்ந்து வாசிக்கப் பொறுமை இல்லையா? கல்யாண பேண்டு செட்டு மாதிரி இருக்கிறதே" என்றார் ஒருவர். கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது மடல் எரிந்தது. பிறந்த மண்ணில் இனி உட்கார்ந்துதான் வாசிப்பது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவு என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி.

மச்சானும் துணைக்கு வந்தார். மேலே தேவனூர் நாட்டில் ஒரு ஊர்க்கவுண்டரை அவருக்குப் பல வருஷமாகப் பழக்கம். இவர் உப்பும் துணியும் கொண்டுபோவார், அவர் மிளகு கொடுப்பார். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து தலைக்கு இரண்டு கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறத் தொடங்கினோம். இங்கே 'நாடு' என்றால் நாலைந்து ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. மலைமேல் இப்படிப் பல நாடுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு.

பினாங்கு மலைக்குப் போக நமக்கு ரயில் இருக்கிறது. பலகையில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டே மேலே போய்ச் சேரலாம். இங்கே பாதை என்று ஒன்று உண்டு என்பதே எதிரே ஆள் வரும்போதுதான் தெரிகிறது. கல்லுக்குக் கல் தாவ வேண்டும். ஒவ்வொரு கல்லும் என் முழங்கால் உயரம். மேலேயிருந்து ஆணும் பெண்ணுமாகத் தலையில் வாழைத்தார்களோடு குடுகுடுவென்று இறங்கி வருகிறார்கள். ஒதுங்கி வழிவிட்ட எங்களைப் பார்த்து ஒரு பெண், "ஏனுங்க, இப்பவே இப்படி மூச்சு வாங்குதே, மேல வந்து என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். மச்சான் அதற்காகவே கொஞ்ச தூரம் வேகமாக ஏறிக் காட்டினார். அப்புறம் ஒரு பாறையில் கால் மணி நேரம் படுத்திருந்தார்.

பத்தே முக்காலுக்குச் சோளக்காடு. நாலாயிரம் அடி உயரம் இருக்கும் என்கிறார்கள். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தொட்டது. சந்தை கூடும் இடம் இதுதான், ஆனால் அன்று சந்தை இல்லை. நாலு ஓலைப் பந்தலும் ஒரு நாயும்தான் இருந்தன. அங்கிருந்து இன்னும் மூன்று மைல். ஊர் எல்லையில் மச்சான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். என்னையும் கழற்றச் சொன்னார். மலைக்காரர்கள் தங்கள் ஊருக்குள் செருப்பு நடமாட விடுவதில்லை. "இங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு மொறை இருக்குது மாப்ளே, கேட்டுக்கிட்டு எதையும் செய்யி" என்றார். கேட்டுக்கொண்டேன். செருப்பைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிற்பகல் இரண்டு மணி.

சரிவில் பதினெட்டு வீடுகள். மூங்கில் தட்டியில் மண் பூசி, மேலே புல் வேய்ந்தவை. நடுவில் பெரிய களம். சாமை அறுப்பு முடிந்து கதிர்க்கட்டுகள் களத்து ஓரத்தில் மலைபோல் கிடந்தன. ஊர்க்கவுண்டர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாமைச் சோற்றை அத்தனை ருசியாக நான் தின்றதே இல்லை. இரண்டாவது தடவை கேட்டபோது மச்சான் என் தொடையைக் கிள்ளினார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். "பாட்டுங்களா? நாளைக்குக் களத்துல ஆட்டம் இருக்குதுங்க. பாப்பாயிதான் எடுத்துக் குடுப்பா. அவளையக் கேளுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். அந்தப் பாப்பாயி தினைக் காட்டில் இருக்கிறாள், பொழுது சாயத்தான் வருவாள் என்றார்கள். ஊர்க்கவுண்டரும் காட்டுக்குக் கிளம்பினார். மச்சான் ஒரு கட்டுக் கதிரில் சாய்ந்து குறட்டை விட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரே வேலைக்குப் போயிருக்கிறது, களம் காலியாக இருக்கிறது, எதிரே மலை மலையாக அடுக்கு. ஒரு பாயை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிச் சுருதி சேர்த்தேன். சேலத்துக்காரர்கள் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். அவ்வளவு முறையாக உட்கார்ந்தேன்.

நாலு மணி இருக்கும். வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேல் சரிவிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். களத்து ஓரத்தில் நின்றார்கள், பிறகு மெதுவாக வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். அடுத்து நாலு ஆண்கள் வந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு குந்தினார்கள். ஒவ்வொரு காட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை, இருமல் இல்லை, வெற்றிலை மெல்லுவது இல்லை. பினாங்கில் இப்படி ஒரு சபை எனக்கு வாய்த்ததே கிடையாது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூந்தலை அவிழ்த்து விட்டார்கள். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

நேயர்களே, உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வாசிப்பு கல்லையும் கரைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணீரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? முகாரியை எடுத்தேன். அழுகைக்கென்றே பிறந்த ராகம். இழைய இழைய வாசித்தேன். முன்வரிசைப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எனக்கே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, என் திறமையை நினைத்து.

அழுகைச் சத்தத்தில் மச்சான் விழித்தார். ஊர்க்கவுண்டர் மூச்சு வாங்க வந்து அவர் பக்கத்தில் குனிந்தார். மெல்லத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, பொணம் எங்கீங்க?"

வில் என் கையில் நின்றுபோயிற்று.

"பொணமா?" என்றார் மச்சான்.

"யாருங்க தவறிப்போனது? உங்க ஊட்டுலயா, அவரு ஊட்டுலயா? வந்தப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

அழுதுகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள்தான் பாப்பாயி என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கதிர் அரிவாளை இன்னும் வைத்திருந்தாள். யாரும் சாகவில்லை, சும்மாதான் வாசித்தேன் என்று நான் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சும்மா எவனாச்சும் உக்காந்து வாசிப்பானுங்களா? எங்க நாட்டுல உக்காந்து பாடுனா அது செத்தவங்களுக்கு. இருக்கறவங்களுக்குன்னா எந்திரிச்சு நின்னு, களத்தச் சுத்தித்தான் பாடுவோம். அறுத்த கதிரப் போட்டுட்டு ஓடியாந்தேன். எங்க ஊட்டுக்காரரு கீழ சந்தைக்குப் போனவரு இன்னும் வரலை, அவருதானோன்னு நெனச்சு அழுதுட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பத்துத் தடவை சொன்னேன். மச்சான் என் காதில், "நல்லா மாட்டிக்கிட்டே. கேட்டுக்கிட்டுச் செய்யின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்றார்.

ஊர்க்கவுண்டரும் நாலைந்து பேரும் ஒதுங்கி நின்று பேசினார்கள். பிறகு அவர் என்னிடம் வந்தார். அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊரு அழுதுருச்சுங்க. சாவு இல்லாம அழுதா, அந்த அழுகை ஒரு ஊட்டைத் தேடிக்கிட்டுப் போகும்னு எங்க வழக்கம். அதத் திருப்பி அனுப்பாம ஒருத்தரும் அடுப்புப் பத்தவெக்க மாட்டாங்க. உக்காந்து பாடுனவரே எந்திரிச்சுப் பாடணும். அதே பொட்டியோட, களத்த மூணு சுத்து. பொழுது எறங்கறதுக்குள்ள. யாராச்சும் கேட்டு அழுத பாட்டு வேண்டாங்க. அழுகையே படாத பாட்டா இருக்கணும்."

"முடியாவிட்டால்?"

"காலையில வரைக்கும் ஊரு பட்டினிங்க. நாளைக்கு ஆட்டமும் இல்லை."

ஆட்டம் இல்லையென்றால் பாட்டு இல்லை, பாட்டு இல்லையென்றால் எனக்குக் கொட்டகை இல்லை. அது என் கவலை. ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக இருந்தது அந்தப் பதினெட்டு அடுப்புகள்தான். மூன்று குழந்தைகள் அம்மாமார் இடுப்பில் இருந்துகொண்டு என்னையே பார்த்தன. மேற்கே சூரியன் மலை முகட்டுக்கு இரண்டு முழம் மேலே நின்றது.

பாடலாம். எதைப் பாடுவது? என் பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தாய் சாகும் பாட்டு, காதலி பிரியும் பாட்டு, தம்பி ஜெயிலுக்குப் போகும் பாட்டு. பினாங்கில் என் பாட்டு எதற்கும் அழாத ஆளே இல்லை. அப்போதுதான் ஒரு கப்பல் பாட்டு நினைவுக்கு வந்தது. முதல் தடவை கப்பலில் போகும்போது, குமட்டலில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டியது. நாடகத்தின் முதல் காட்சியில் ஒருநாள் வைத்தோம். ஒரு கைதட்டல்கூட இல்லை. "காலுமில்லை தலையுமில்லை" என்று முதலாளி எடுத்துவிட்டார். யாரும் அழாத பாட்டுதான், யாரும் மதிக்காத பாட்டும்கூட.

எழுந்து நின்றேன். பிடிலை மார்பில் சாய்த்துக்கொண்டேன். மணிலாக்காரரை மனசுக்குள் கும்பிட்டேன். சேலத்தில் சிரித்த அத்தனை பேரும் இந்தக் களத்தில் நின்றிருந்தால், சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி எப்படி மூன்று சுற்றுச் சுற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்களும் பெண்களும் வட்டமாக நின்றார்கள். ஒருவர் மேளத்தை எடுத்தார். எனக்கு முன்னால் பாப்பாயி. நான் ஒரு வரி பாட, அவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும்.

தண்ணி மேல ஊரு போகுது
தாளம் போட்டு ஊரு போகுது
கண்ணுக் கெட்டாத் தூரம் போயும்
கையக் காட்டி ஊரு போகுது

நாலு அடி வைப்பதற்குள் பாப்பாயியின் முதுகில் மோதினேன். மேளம் நின்றது. மறுபடி தொடங்கி மறுபடி மோதினேன். இந்த முறை பின்னால் வந்த ஆள் என்மேல் மோதினார். ஒரு குழந்தை சிரித்தது. பாப்பாயி திரும்பி என் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாலோட நிறுத்திப்போடறீங்களே. அஞ்சாவது அடி எங்கீங்க?"

அவள் காட்டினாள். இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, ஐந்தாவது ஒரு மிதி. அந்த மிதியில் பாதி திரும்ப வேண்டும். என் பாட்டு நாலுக்கு நாலாக அளந்து கட்டியது. ஐந்தாவது அடிக்கு அதில் சொல்லே கிடையாது.

"அதுக்குச் சொல்லு வேண்டாங்க. எல்லாருமா ஒரு 'ஓ' போட்டுக்குவோம். நீங்க விட்டுக்குடுங்க, போதும்" என்றாள்.

விட்டுக்கொடுத்தேன். தண்ணி மேல ஊரு போகுது, ஓ. நாற்பது கால்கள் ஒன்றாக மிதித்த அதிர்ச்சி என் உள்ளங்காலில் ஏறிற்று. தாளம் போட்டு ஊரு போகுது, ஓ. அந்த ஒரு மிதியில் பாட்டு தள்ளாடி நிமிர்ந்தது. கப்பல் அலைமேல் ஏறிச் சற்று நின்று இறங்குமே, அது. பதினோரு வருஷமாக அந்தப் பாட்டில் இல்லாதிருந்தது அதுதான். கப்பலில் போனவன் நான், அந்த அசைவைக் கண்டுபிடித்தவள் கடலையே பார்க்காத பாப்பாயி. எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரித்துவிட்டேன். வட்டம் முழுக்கச் சிரித்தது. ஊர்க்கவுண்டர் சிரித்தார். மூன்று சுற்று முடிந்தும் மேளக்காரர் நிறுத்தவில்லை. ஏழோ எட்டோ சுற்றினோம். மச்சான் எப்போது வட்டத்துக்குள் வந்தார் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போது எனக்கு எதிர்ப்புறத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

சூரியன் இறங்குவதற்குள் பாப்பாயி வட்டத்தை விட்டு விலகித் தன் வீட்டுக்குப் போனாள். கூரைப் புல்லின் வழியே புகை கசிந்தது. அடுத்த வீட்டிலும் புகை. ஒவ்வொன்றாக எண்ணினேன், பதினெட்டும் வந்தது. அவள் புருஷன் உப்பு மூட்டையோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஊரே அவரைப் பார்த்து ஏன் அப்படிச் சிரிக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சனிக்கிழமை, காலை ஏழு மணி.

ஊருக்கு மேற்கே ஒரு பாறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே சேந்தமங்கலமும் என் ஊரும் தெரியும் என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. கீழே எல்லாம் பனி. வெள்ளை வெளேரென்று அடிவானம் வரை ஒரே சமமாகப் பரந்து கிடந்தது. நாங்கள் நின்ற மலை அதன்மேல் மிதந்தது. பாப்பாயி விறகுக் கட்டோடு வந்து நின்றாள்.

"தண்ணி மேல ஊரு எப்படிங்க போகும்? ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன், புரியலைங்க."

கப்பலைப் பற்றிச் சொன்னேன். ஆயிரம் பேர், அடுப்பு, சண்டை, அழுகிற குழந்தை, சீட்டாட்டம், எல்லாம் தண்ணீர்மேல் எட்டு நாள் போகும் என்றேன். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கீழே காட்டி, இப்படித்தான் என்றேன். விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இதுக்குப் போயி அத்தனை தூரம் போனீங்களா?" என்றாள்.

விறகுக் கட்டைத் தூக்கிவிட்டேன்.

அன்று சாயந்திரம் ஆட்டம் நடந்தது. குண்டனி நாட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பாப்பாயி எடுத்துக்கொடுத்த பாட்டுகளில் பதினொன்றை நோட்டில் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டாவதாக அவள் எடுத்தது என் கப்பல் பாட்டு. நான் அதற்கு வாசித்தேன், நின்றுகொண்டுதான்.

புதன்கிழமை, காலை பத்து மணி. சோளக்காடு.

இறங்கும் நாள் சந்தை நாளாக அமைந்தது. மலைமேல் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று தோன்றியது. வாழைத்தார் மூன்றணா, ஒரு சுரைக்குடுக்கைத் தேன் எட்டணா. மிளகைத் துணியில் கொட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு படி மிளகு கேட்டேன். அவள் அளந்துகொண்டே வாய்க்குள் ஏதோ பாடினாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். ஐந்தாவது அடிக்குத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

என் கப்பல் பாட்டு மெட்டேதான். மச்சான் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன்.

"இது என்ன பாட்டுங்க?" என்று கேட்டேன்.

"இதுங்களா? எங்க குண்டனி நாட்டுப் பாட்டு. தேவனூருக்காரங்க அவங்க பாட்டுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க."

"பழைய பாட்டுங்களா?"

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டுங்க."

நான் மெல்லப் பாடிக் காட்டினேன். தண்ணி மேல ஊரு போகுது. அவள் படியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"தப்பாப் பாடறீங்க சாமி. தண்ணி மேல ஊரு எப்படிங்க போகும்? பனி மேல. பனி மேல ஊரு போகுது. காலையில வந்து பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

எங்கே, பாடுங்கள் என்றாள். பாடினேன். ஓவை நீட்டாதீர்கள் என்றாள். மறுபடி பாடினேன். பரவாயில்லை, கீழே இருக்கிறவர்களுக்கு இவ்வளவு வந்ததே பெரிது என்றாள். மிளகில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டாள். சந்தையைத் தாண்டியதும் மச்சான், "ஏன் மாப்ளே, உன் பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார். பதினோரு வருஷமாக நான் எழுதிய பாட்டுகளுக்குக் கீழே என் பெயரை நானே எழுதி வந்திருக்கிறேன், பெயர் எழுதத் தேவையில்லாத பாட்டு எனக்கு வாய்த்தது இதுதான் முதல் தடவை என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, காரவள்ளி வரை பிடில் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

பினாங்கு.

முதல் நாள் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசிக் காட்சி. திரையில் அதே பழைய மலைதான். நான் பிடிலை மார்பில் சாய்த்துக்கொண்டு மேடைக்கே போய்விட்டேன். நடிகர்கள் வட்டமாக வந்தார்கள். பனி மேல ஊரு போகுது, ஓ. முதல் சுற்றில் ஜனங்கள் சும்மா இருந்தார்கள். இரண்டாம் சுற்றில் பின்பெஞ்சுத் தோட்டத்து ஆட்கள் தரையை மிதித்தார்கள். மூன்றாம் சுற்றில் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதலாளி ஓரத்திலிருந்து, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கிராணி வேலையைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

கொல்லிமலையில் செருப்பைக் கழற்ற வேண்டும், உட்கார்ந்தவன் எழுந்தால்தான் ஊர் அடுப்பு எரிகிறது. இங்கே மின்சார விளக்கு எரிகிறது, வாசலில் ரிக்ஷா நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே எட்டு நாள் கடல். எது ஊர், எது வெளியூர் என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்ல வராது. அன்று ஆட்டம் முடியும் நேரத்தில் கதவுப் பக்கம் பார்த்தேன். சவாரிக்காக வெளியே காத்திருந்த சீன ரிக்ஷாக்காரர்கள், உள்ளேயிருந்து யாரும் வராததால் அவர்களே உள்ளே வந்து நின்றிருந்தார்கள். பாட்டில் ஒரு சொல் அவர்களுக்குத் தெரியாது. ஐந்தாவது அடிக்கு மட்டும் சரியாக மிதித்தார்கள்.